டீச்சர் தன் பெயரை மறுத்த புத்தகம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கெங்கம்மாளுக்கு வணக்கம். மாலையோடு வந்தவர்களுக்கே நாற்காலி எல்லாம் போய்விட்டதால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் டீச்சரின் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

என் பெயர் அய்யாக்கண்ணு. இந்த ஆரணியில் முப்பத்தொரு வருஷம் நகராட்சிக் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டவன். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொண்டதில்லை. எழுதத் தெரியாது. எல்லாம் தலையில்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

எனக்கு இங்கே இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். சூர்யகலா டீச்சரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு, தங்கக் காகிதம் சுற்றி மேசைமேல் அடுக்கியிருக்கிறார்களே, அந்தப் புத்தகத்தின் முதல் பிரதியைப் பயிற்சி மையம் நடத்தும் அன்பரசு அவர்கள் கொடுக்க, நான் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். படிக்கத் தெரியாத கிழவன் ஆங்கிலப் புத்தகம் வாங்குகிற படம் பேப்பரில் நன்றாக இருக்குமாம். முதல் வேலையைச் செய்கிறேன். இரண்டாவதைச் செய்ய மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதற்குள், டீச்சர் உயிரோடு இருந்தபோது அவரிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மைக்கை விட மாட்டேன். தலைவர் மணியடிப்பதானால் இப்போதே அடித்து முடித்துவிடலாம்.

எனக்கு முன்னால் ஒன்பது பேர் பேசினார்கள். ஒன்பது பேரும் "டீச்சர் எனக்குத் தங்கை மாதிரி" என்றார்கள். ஒன்பது அண்ணன்கள் இருந்த அந்தப் பெண், வேலூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது யார்? கெங்கம்மாளும், டீச்சரிடம் படிக்கும் தீபா என்கிற பெண்ணும். ரத்தம் வேண்டும் என்று தீபா போன் செய்தபோது எடுத்தது எந்த அண்ணன்? படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கேமராக்காரர் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்து மறுபடியும் போட்டது எந்த அண்ணன்? நான் இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அருவருப்பாக இருந்தது.

வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று தீபாவைக் கேட்டேன். "எக்ஸ்பயர்டுன்னு போட்டுகீறாங்க தாத்தா" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் போன பெண்ணுக்கு எக்ஸ்பயர்டு. இதை டீச்சரே ஒருநாள் வகுப்பில் சொல்லியிருக்கிறார். சாவுக்கு இங்கிலீஷில் நிறையச் சொல் இருக்கிறது. போலீசுக்கும் டாக்டருக்கும் சொல்லும்போது 'டை' என்று நேராகச் சொல்லலாம். பறிகொடுத்தவர்களிடம் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வது 'பாஸ் அவே'. 'எக்ஸ்பயர்' என்று மனிதருக்கும் சொல்வதுண்டு, தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னார்: "பஸ் பாஸுக்கும் அதுதான், மாத்திரை அட்டைக்கும் அதுதான். பெத்தவ எதிர்ல அத்த சொல்லுவீங்களா?" பெற்றவள் அந்தப் பேனருக்குக் கீழேதான் நுழைந்து வந்தார். அவருக்கும் என்னைப் போலப் படிக்கத் தெரியாது. அந்த மட்டில் பிழைத்தார்.

டீச்சர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். ஒன்பது பேர் பேசியும் யாரும் சொல்லவில்லை. படவேட்டில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட கெங்கம்மாளின் ஒரே மகள். நாளுக்கு மூன்று பஸ் வரும் ஊரிலிருந்து எம்.ஏ. இங்கிலீஷ் படித்து வெளியே வந்தவர். சேவூர் சாலையில் பாத்திரக் கடைக்கு மேல் ஒரே ஒரு அறை எடுத்து, தறி வேலை முடித்து வருகிறவர்களுக்கும், செய்யார் கம்பெனிகளில் ஷிப்ட் போகிறவர்களுக்கும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு நடத்தினார். பதினாறு வருஷம்.

அந்தக் கடையின் பக்கவாட்டில்தான் சேவூர் பக்கத்து வால்வு இருந்தது. திறந்துவிட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் மாடிப் படியில் உட்கார்ந்துகொள்வேன். டீச்சர் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் காதில் விழுந்து போகும். எனக்கு விழுந்தது போகாது.

அவர் நடத்தியது முக்கால்வாசி ஒரே பாடம். ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். 'புட்' என்றால் வை. எல்லோருக்கும் தெரியும். அதன் வாலில் ஒரு துண்டுச் சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அது 'வை' இல்லை, ஆளே வேறு. இன்னொரு துண்டு ஒட்டினால் இன்னொரு ஆள். அதற்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே அர்த்தத்தில் நாலு சொல் நிற்கும். எதை எங்கே சொல்வது? நம் பிள்ளைகள் விழுகிற பள்ளம் அதுதான் என்பார் டீச்சர். "இலக்கணத்துல தப்பு பண்ணா சிரிப்பாங்க, விட்டுடுவாங்க. இதுல தப்பு பண்ணா நம்பிடுவாங்க. அதான் பேஜாரு."

முதல் வருஷம் ஒரு மாலை. 'புட் ஆஃப்' என்றும் 'கால் ஆஃப்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாவது, இன்று இல்லை இன்னொரு நாள். இரண்டாவது, இனி இல்லவே இல்லை. 'போஸ்ட்போன்' என்றால் முதலாவதே, ஆனால் ஆபீஸ் கடிதத்தில் வருவது. நாலு தடவை சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். கேள்வி கேட்டதும் எல்லாம் தலைகீழாக வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. படியிலிருந்தே சொன்னேன்.

"அம்மா, முத்துவேலு மூத்த பொண்ணு கல்யாணம் மொதோ சொன்னது. ரெண்டாவது பொண்ணு கல்யாணம் ரெண்டாவது சொன்னது."

வகுப்பே சிரித்தது. ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெரியப்பா போய்விட்டார், தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தையில் ஜோராக நடந்தது. இரண்டாவது பெண்ணுக்குப் பந்தல் கட்டி, சமையல்காரர் அண்டாவை அடுப்பில் ஏற்றிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் நடந்துகொண்ட லட்சணத்தைப் பார்த்து முத்துவேலே நிறுத்திவிட்டார். அன்று அறையில் இருந்த யாருக்கும் அந்த இரண்டு சொல்லும் அதற்குப் பிறகு மாறவே இல்லை.

மூன்றாம் நாள் முத்துவேல் மாடி ஏறி வந்தார். கையில் செருப்பு. கழற்றியதைக் கீழே வைக்க மறந்தாரா, வேறு எதற்காவதா என்று தெரியவில்லை.

"யாருய்யா எம்பொண்ணு கல்யாணத்த இங்கிலீஷ்ல பேசிகினு கீறது?"

டீச்சர் எழுந்து நின்றார். "நாங்கதாங்க. உக்காருங்க. நீங்க பண்ணதுக்கு இங்கிலீஷ்ல சரியான வார்த்தை ஒண்ணு கீது. பயந்தவன் தள்ளிதான் வைப்பான். நீங்க நிறுத்துனீங்க. அத்ததான் சொல்லிகினு இருந்தோம்."

முத்துவேல் செருப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "இன்னா வார்த்தை அது, இன்னொரு தபா சொல்லுமா" என்றார். அடுத்த வாரம் அந்த இரண்டாவது பெண் வகுப்பில் சேர்ந்தாள். இன்று அவள் சென்னையில் வேலையில் இருக்கிறாள்.

அன்றிலிருந்து டீச்சரின் வழி அதுவாகிவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு சம்பவம். நம் ஊரில் நடந்ததாக இருக்க வேண்டும். பெயரோடு இருக்க வேண்டும். சொல்கிறவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "பெரிப்பா, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் இன்னான்னு கேக்காதீங்க. யாரு, யாருகிட்ட, எந்த மூஞ்சிய வச்சிகினு சொன்னாங்கன்னு கேளுங்க. அர்த்தம் அதுக்குள்ள கீது" என்று என்னிடம் சொல்வார். சொல்லை அவர் சொல்வார், பக்கத்துச் சொற்களுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார், நான் ஊரில் தேடுவேன். முப்பத்தொரு வருஷம் தெருத் தெருவாகத் தண்ணீர் விட்டவனுக்குத் தெரியாத வீடு எது?

'புட் அப் வித்' என்று ஒன்று வந்தது. பக்கத்தில் 'பேர்' இருக்கிறது, 'டாலரேட்' இருக்கிறது. மூன்றும் பொறுத்துக்கொள்வதுதான். டீச்சர் பிரித்தார். பெரிய துக்கத்தைத் தாங்குவது ஒன்று. பிடிக்காததைப் போகட்டும் என்று அனுமதிப்பது ஒன்று. இது அப்படி இல்லை, உள்ளுக்குள் முனகிக்கொண்டே தினமும் குடித்தனம் நடத்துவது. நான் உடனே சொன்னேன்: பாஞ்சாலையின் கொழுந்தன். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஒன்பது வருஷம் இருந்தவன், தினமும் சாம்பாரில் உப்பு இல்லை என்றவன். பாஞ்சாலை தினமும் உப்புக் கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். பாஞ்சாலையே வந்து கேட்டுவிட்டு, "எம்மாம் நாளா இதுக்கு ஒரு பேரு இல்லாம இருந்திச்சி" என்றாள்.

இப்படி முதல் பத்து வருஷத்திலேயே அறுநூற்றுப் பன்னிரண்டு. ஏழு நோட்டு. எழுதியது டீச்சர். எத்தனையாவது எது என்று கேட்டால் சொன்னது நான். நோட்டில் தேடுவதைவிட என்னைக் கேட்பது ஜல்தி என்பார். அகராதி போல எழுத்து வரிசையில் அவை இல்லை. எங்களுக்குச் சம்பவம் கிடைத்த வரிசையில் இருந்தன. முத்துவேல் வீட்டுக் கல்யாணம் ஒன்றும் இரண்டும். பாஞ்சாலை நாற்பத்தாறு.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பெரியோர்களே. திருட்டைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவுக்கு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். செய்யாரில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அங்கே ஸ்டோரில் வேலை. அப்போது அவள் டீச்சரிடம் சேரவில்லை. அன்பரசு அவர்களின் பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். முப்பது நாளில் ஃப்ரேசல் வெர்ப். ஒரு சொல், எதிரே ஒரு தமிழ்ச் சொல். அவ்வளவுதான். அதை அந்தப் பெண் மனப்பாடம் செய்தாள்.

ஸ்டோரில் பசை குறைந்துகொண்டு வந்தது. மூன்று டிரம் பாக்கி. மேலே தெரிவிக்க வேண்டும். 'ரன்னிங் லோ' என்றால் குறைந்துகொண்டு வருகிறது, சீக்கிரம் அனுப்பு. 'ரன் அவுட்' என்றால் ஒரு சொட்டு இல்லை. புத்தகத்தில் இரண்டுக்கும் எதிரே 'தீர்ந்துபோதல்' என்று போட்டிருந்தது. தீபா இரண்டாவதை அனுப்பிவிட்டாள். மேலே இருந்தவர்கள் நம்பி லைனை நிறுத்தினார்கள். அறுபது பேர் அரை ஷிப்ட் கைகட்டி உட்கார்ந்தார்கள். மூன்று டிரம் இருந்தது தெரிந்ததும் சூப்பர்வைசர், "நாளையிலேர்ந்து கம்பெனி பஸ்ல ஏறாத" என்றார்.

தீபா அழுதுகொண்டே வந்தது டீச்சரிடம். தன்னிடம் படிக்காத பெண், ஆனாலும் டீச்சர் அவளோடு பஸ் ஏறினார். நானும் போனேன். மேனேஜர் முன்னால் நின்று டீச்சர் சொன்னார்: "இவ பொய் சொல்லல சார். இவ கையில கீற புத்தகம் பொய் சொல்லிச்சி. பாருங்க." புத்தகத்தைப் பிரித்தார். காட்டுவதற்காகப் பிரித்தவர் படிக்க ஆரம்பித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேனேஜர் காத்திருந்தார். டீச்சர் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார்.

முதல் சொல் 'புட் ஆஃப்'. இரண்டாவது 'கால் ஆஃப்'. நாற்பத்தாறாவது 'புட் அப் வித்'. அறுநூற்றுப் பன்னிரண்டும் அவர் நோட்டில் இருந்த அதே வரிசையில். முத்துவேல் இல்லை, பாஞ்சாலை இல்லை, ஆரணி இல்லை. ஆனால் வரிசை அப்படியே இருந்தது. வீட்டைக் காலி செய்தவன் தரையில் இருந்த கால் தடத்தைத் துடைக்க மறந்ததுபோல.

தீபாவின் வேலை தப்பியது. திரும்பி வரும் பஸ்ஸிலும் டீச்சர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் அன்பரசு அவர்களிடம் போய்க் கேட்டார். அவர் சொன்ன பதில், "இங்கிலீஷ் இன்னா யாரு அப்பன் வூட்டு சொத்தா டீச்சர்?" அன்பரசு அவர்களே, நீங்கள் சொன்னதுதானே? தலையை ஆட்ட வேண்டாம். டீச்சர் என்னிடம் சொன்னார், நான் ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன்.

நோட்டுகள் டீச்சரின் பீரோவை விட்டு வெளியே போனதில்லை. பீரோ சாவி அவரிடமும், வகுப்புக்கு உதவியாக இருந்த கலையரசியிடமும்தான் இருந்தது. கலையரசி அவரிடம் முதலில் படித்து, பிறகு சின்ன வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தவள். டீச்சர் என்னைக் கேட்டார்.

"பெரிப்பா, யாரு எடுத்து குடுத்துருப்பாங்க?"

"யாருக்குமா தெரியும்" என்றேன்.

"சாவி கலையரசிகிட்டதான் இருந்திச்சி."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த நாள் கலையரசி வகுப்புக்கு வந்தபோது டீச்சர் சாவியைத் திருப்பிக் கேட்டார். அவள் கொடுத்தாள். "நான் இல்ல மேடம்" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். பிறகு வரவில்லை. இன்று ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வெளியூர் போன் எல்லாம் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். உள்ளே வரவில்லை.

கலையரசி எடுக்கவில்லை. யாருமே நோட்டை எடுக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டும் என் வாயிலிருந்து போனவை.

கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அன்பரசு அவர்கள் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஏசி ரூம். போனதும் நாற்காலி போட்டார்கள். என் வாழ்நாளில் ஒரு ஆபீசுக்குள் எனக்கு நாற்காலி போட்டது அன்றுதான். பாதாம் பால் வந்தது. "உங்க ஞாபக சக்திய பத்தி ஊரே பேசிகினு கீது பெரியவரே. எங்க, டீச்சர் வார்த்தைங்க நாலு சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். "அடேங்கப்பா" என்றார். பக்கத்தில் இருந்த படித்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் வரச் சொன்னார். போனேன். பதினோரு சாயங்காலம் போனேன். மேசைமேல் போன் இருந்தது. அதில் என் குரல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். குரல் ஏறுவதே எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் முத்துவேல் கதையை ஆரம்பித்தபோது அவர் கையைக் காட்டினார். "கதையெல்லாம் வாணாம் பெரியவரே. மீனிங் மட்டும். ஜல்தியா சொல்லுங்க." நான் ஜல்தியாகச் சொன்னேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல். குறைந்துகொண்டு வருவதற்கும் தீர்ந்துபோச்சி, காலியானதற்கும் தீர்ந்துபோச்சி. அதைச் சொன்ன வாய் இந்த வாய். தீபாவை வேலையிலிருந்து துரத்தப் பார்த்த பொய் அன்பரசுவுடையது என்று மூன்று வருஷம் ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன். அது என்னுடையது.

காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது வயிற்றுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாற்காலிக்கும் ஒரு தம்ளர் பாதாம் பாலுக்கும் கொடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவன் பட்டம் வாங்கினவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லுகிறேன் என்ற ஆணவத்துக்குக் கொடுத்தேன். இந்த மேடையில் இருக்கிறவர்களைப் பார்த்து எனக்கு அருவருப்பு வருகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். உங்களுக்கு அதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கை எடுத்து வைத்திருப்பது நான்.

டீச்சர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. நோட்டைப் படிக்கத் தெரியாதவன் நோட்டை எப்படித் திருடுவான் என்று இருந்திருப்பார். ஊரிலேயே அந்த ஏழு நோட்டையும் முழுசாகச் சுமந்துகொண்டு நடமாடியவன் நான் ஒருவன்தான். பீரோ சாவியை வைத்திருந்தவளைத் துரத்தினோம். பீரோவே படியில் உட்கார்ந்திருந்தது.

இப்போது இந்த மேசைமேல் இருக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். அதே புத்தகம். அதே அறுநூற்றுப் பன்னிரண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு சொல். புதிதாக என்ன? அட்டையில் டீச்சரின் படம். டீச்சரின் பெயர். நினைவு வெளியீடு. திருடினதை உரியவருக்கே திருப்பிக் கொடுக்கிறார், நல்ல காரியம்தானே என்று சிலர் நினைக்கலாம். இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்பரசு அவர்கள் ஒரு சால்வையோடு மாடி ஏறி வந்தார். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரையும் போடுகிறேன், பிரச்சினையை முடித்துக்கொள்வோம் என்றார். டீச்சர் சால்வையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"உங்க புக்குல என் பேரு வாணாங்க. அதுல என் ஊரே இல்ல."

அவர் படியிறங்கிய பிறகு டீச்சர் என்னைக் கேட்டார். "பெரிப்பா, இப்ப நான் பண்ணது 'ரெஃப்யூஸ்'ஸா, 'ரிஜெக்ட்'டா, 'டர்ன் டவுன்'னா?" அவரே சொன்னார். மாட்டேன் என்று முறைப்பது முதலாவது. வந்ததைப் பிரித்துப் பார்த்து, தரம் இல்லை என்று ஒதுக்குவது இரண்டாவது. நீட்டிய ஒன்றை, நீட்டியவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது மூன்றாவது. "நான் தண்ணி குடுத்துட்டுதான் அனுப்பிச்சேன்" என்று சிரித்தார்.

உயிரோடு இருந்தவர் வேண்டாம் என்று திருப்பியதை, திருப்ப முடியாதபோது அவர் நெற்றியில் ஒட்டுகிறீர்கள். நாளைக்கு இன்னொரு தீபா இன்னொரு கம்பெனியில் நிற்பாள். புத்தகம் யாருடையது என்று கேட்பார்கள். அட்டையைக் காட்டுவாள். அட்டையில் யார் பெயர் இருக்கும்? அன்பரசு பெயர் இருக்காது. பொய்யைச் சொன்ன அய்யாக்கண்ணு பெயர் இருக்காது. ஒரு சொல்லையும் பொய்யாகச் சொல்லாத பெண்ணின் பெயர் இருக்கும். இதற்கா முதல் பிரதி? இதற்கா போட்டோ?

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

இன்று காலை கெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார். "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எம்பொண்ணு பூட்டா. அந்தப் பொண்ணு உயிரோட கீது. அதுகிட்ட சொல்லு. அத்த திருடின்னு நெனச்ச நாலு பேரு எதிர்ல சொல்லு" என்றார். அதனால்தான் இங்கே வந்தேன். இல்லாவிட்டால் இந்த மண்டபத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டேன்.

கலையரசி, உள்ளே வாம்மா. எல்லோரும் அவளைப் பாருங்கள். இவள் எடுக்கவில்லை. டீச்சர் தப்பாக நினைத்தார், நினைக்கவிட்டது நான். டீச்சர் செய்த ஒரே தப்பான முடிவு இது, இதையும் அவர் என்னை நம்பித்தான் செய்தார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கெங்கம்மாள் ஏழு நோட்டையும் கலையரசியிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பை தீபாவும் அவளும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கலையரசி ஒப்புக்கொள்வாளா என்று தெரியாது. அவளுக்குக் கோபம் இருந்தால் அது நியாயம். ஒப்புக்கொண்டால் நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பு. பாத்திரக் கடைக்காரர் அறையைப் பூட்ட மாட்டேன் என்றிருக்கிறார். மூச்சு இருக்கும் வரை அங்கே வருவேன். புதுச் சொல் வந்தால் ஊரில் தேடிச் சம்பவம் கொண்டுவருவேன். கேட்கிறவன் யாராக இருந்தாலும், சம்பவம் இல்லாமல் ஒரு சொல்லையும் இனி இந்த வாய் சொல்லாது. டீச்சர் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கிற வாக்கு அதுதான். வேறு பெரிய வாக்கு கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. ஏழாவது நோட்டில் ஒரு பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. 'ஓன் அப்' என்கிற சொல். பக்கத்தில் 'அட்மிட்' இருக்கிறது, 'கன்ஃபெஸ்' இருக்கிறது. டீச்சர் பிரித்துச் சொன்னார். நாலு பேர் சுற்றி நின்று கேட்கக் கேட்க, ஆமாம் என்று இழுத்து ஒப்புக்கொள்வது முதலாவது. பாரம் தாங்காமல் கோயிலிலோ போலீசிலோ போய்க் கொட்டுவது இரண்டாவது. யாரும் பிடிக்காதபோது, யாரும் சந்தேகப்படக்கூட இல்லாதபோது, தானே எழுந்து நின்று 'நான்தான் செய்தேன்' என்று பொறுப்பை எடுத்துக்கொள்வது இது. ஆரணியில் தேடினோம். சேவூரில் தேடினோம். படவேடு வரைக்கும் யோசித்துப் பார்த்தோம். பிடிபட்டு ஒப்புக்கொண்டவர்கள் நிறையப் பேர். தானாக எழுந்தவர் ஒருவரும் இல்லை.

"இன்னா பெரிப்பா, நம்ம ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். போன தீபாவளிக்கு முந்தின வாரம். நான் வால்வு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று எழுந்து சொல்லிவிட்டேன். என்னையும் யாரும் பிடிக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியவர் போன பிறகு, அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்வது அந்தச் சொல்லில் சேருமா? எனக்குத் தெரியவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு, யாரிடம், எப்போது சொன்னான் என்று டீச்சர் கேட்பார். எப்போது என்ற கேள்விக்கு, அவர் போன பிறகு என்றுதான் சொல்ல வேண்டும்.

கலையரசி, அந்தப் பக்கம் இனி உன் கையில். என் பெயரை எழுதுவதும், காலியாகவே விடுவதும், வேறு சொல்லுக்குக் கீழே என்னைத் தள்ளுவதும் உன் முடிவு. நீ என்ன எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. வகுப்பில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படி.